நடுவழியில் வண்டி நின்றால்: சாலை உதவித் திட்டத்துக்குப் பணம் கட்டலாமா?

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ கார் வைத்திருக்கும் ஒருவருக்கு இந்தக் கேள்வி பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை, அதுவும் அவசரமான நேரத்தில்தான் வந்து சேர்கிறது. இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க வேண்டிய நாளில் ஏஜெண்ட் அனுப்பும் விவரத்தின் அடியில் ‘ரோடுசைடு அசிஸ்டன்ஸ்’ என்று ஒரு வரியும் அதற்கு எதிரே ஒரு சிறு தொகையும் இருக்கும். அல்லது சர்வீஸுக்கு விட்ட வண்டியை எடுக்கப் போகும்போது, பில் போடும் இடத்தில் இருப்பவர், “வருஷத்துக்கு இவ்வளவுதாண்ணே, இந்தியாவுல எங்க நின்னாலும் வந்து தூக்கிட்டு வந்துருவோம்” என்று சொல்லி ஒரு படிவத்தை நீட்டுவார். தொகை பெரிதாகத் தெரியாததால் பலர் யோசிக்காமல் கட்டிவிடுகிறார்கள். வேறு பலர், “நம்ம மெக்கானிக் இருக்கையில இது எதுக்கு” என்று யோசிக்காமலே விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே சிலருக்குச் சரியாகவும் சிலருக்குத் தவறாகவும் முடிகின்றன. நம் வண்டிக்கு எது பொருந்தும் என்று பார்க்க, அந்தப் பணத்துக்கு நமக்குக் கிடைப்பது என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சாலை உதவித் திட்டம் என்பது, வண்டி ஓடாமல் வழியில் நின்றுவிட்டால் ஓர் எண்ணுக்குப் போன் செய்து உதவி கேட்கும் உரிமையை ஓராண்டுக்கு வாங்கிக்கொள்வது. பேட்டரி இறங்கியிருந்தால் வேறொரு பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்து வண்டியைக் கிளப்பித் தருவது (ஜம்ப் ஸ்டார்ட்), டயர் பஞ்சரானால் ஸ்டெப்னியை மாட்டித் தருவது, பெட்ரோல் தீர்ந்திருந்தால் சில லிட்டர் கொண்டுவந்து ஊற்றுவது, சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால் கதவைத் திறப்பது, இவை எதனாலும் முடியாதபோது வண்டியை ஏற்றி ஒர்க்‌ஷாப்பில் சேர்ப்பது ஆகியவை ஏறக்குறைய எல்லாத் திட்டங்களிலும் இருக்கின்றன. சற்று விலை கூடிய திட்டங்களில், வண்டியில் வந்தவர்கள் ஊர் போய்ச் சேர வாடகைக் காரும், இரவாகிவிட்டால் தங்கும் அறையும் சேர்ந்திருக்கும். டயரை மாட்டித் தருவார்களே ஒழிய பஞ்சர் ஒட்டும் செலவு நம்முடையது. பெட்ரோலைக் கொண்டுவந்து தருவார்களே ஒழிய அதன் விலையைப் பல திட்டங்களில் நாம்தான் கொடுக்க வேண்டும்.

இந்தத் திட்டத்தை விற்கும் கம்பெனிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தமாக, நின்ற காரை ஏற்றிச் செல்லும் ரெக்கவரி வண்டிகள் கிடையாது என்பது பலருக்குத் தெரியாத விஷயம். நாம் போன் செய்தால் எடுப்பது எங்கோ ஒரு நகரத்தில் இருக்கும் கால் சென்டர். அங்கிருப்பவர், நாம் நிற்கும் இடத்துக்கு அருகில் தங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மெக்கானிக்கோ ரெக்கவரி வண்டிக்காரரோ யார் இருக்கிறார் என்று பார்த்து அவரை அனுப்புகிறார். வருகிறவர், நாமே விசாரித்துப் போன் செய்திருந்தாலும் வந்திருக்கக்கூடிய அதே ஆளாக இருப்பதும் உண்டு. ஆகவே நாம் கட்டும் கட்டணத்தை, முன்பின் தெரியாத ஓர் இடத்தில் நமக்காக இன்னொருவர் ஆள் தேடி, பேரம் பேசி, பணமும் கொடுப்பதற்கான கூலி என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கூலி எங்கே தேவைப்படுகிறது, எங்கே தேவைப்படவில்லை என்பதுதான் கணக்கு முழுவதும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், “அங்கெல்லாம் இது இல்லாம யாரும் வண்டியே எடுக்கமாட்டாங்க” என்று சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அங்கே அமைப்பு வேறு; இந்த உதவியைத் தருவது பெரும்பாலும் உறுப்பினர் கட்டணம் வாங்கும் மோட்டார் சங்கங்கள். அமெரிக்காவின் மோட்டார் சங்கம் 1902-லும், ஜெர்மனியின் சங்கம் 1903-லும், பிரிட்டனின் சங்கம் 1905-லும் தொடங்கப்பட்டவை. பிரிட்டனில் அது தொடங்கப்பட்டதே, வேகமாக ஓட்டுபவர்களைப் பிடிக்கப் போலீசார் எங்கே மறைந்து நிற்கிறார்கள் என்று உறுப்பினர்களுக்குச் சொல்லத்தான் என்பது வேறு கதை. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் சங்கத்தின் சொந்த ஆட்களே கருவிகளோடு மஞ்சள் வண்டிகளில் சாலையில் சுற்றுகிறார்கள். அமெரிக்காவில் உறுப்பினர் உரிமை மனிதருக்கு உரியது. அவர் யாருடைய வண்டியில் போனாலும் உதவி கேட்கலாம். இங்கே விற்கப்படும் திட்டங்களோ பெரும்பாலும் ஒரு பதிவு எண்ணோடு கட்டப்பட்டவை. வீட்டில் மூன்று கார் இருந்தால் மூன்றுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். ஆகையால் அங்கே சரியாக இருக்கும் அறிவுரை இங்கேயும் அப்படியே பொருந்தும் என்று கொள்ள வேண்டியதில்லை.

எனக்கு இது விளங்கியது ஒரு கோயில் சுற்றில். பெங்களூரிலிருந்து மகள் குடும்பம் வந்திருந்தபோது, ஒரே நாளில் செட்டிநாட்டு நகரத்தாரின் குலக் கோயில்கள் ஒன்பதையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். இளையாத்தங்குடியில் கும்பிட்டுவிட்டுக் கீழச்சீவல்பட்டிப் பக்கம் திரும்பிய சிறிது நேரத்தில் ஏ.சி. காற்றில் குளிர்ச்சி நின்றது. மீட்டர் பலகையில் பேட்டரி விளக்குச் சிவப்பாக எரிந்தது. வெப்பமானி முள் மேலே ஏறத் தொடங்கியது. இன்ஜினை அணைத்துப் புளியமர நிழலில் ஓரங்கட்டி, ஆண்டுக் கட்டணம் கட்டியிருந்த திட்டத்தின் எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பின்கோடு கேட்டார், அருகிலுள்ள பெரிய நகரம் எது என்று கேட்டார், இடத்தை அனுப்ப ஒரு லிங்க் வரும் என்றார். சிக்னல் ஒரு கோட்டில் ஊசலாடிக்கொண்டிருந்ததால் லிங்க் திறக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து மதுரையிலிருந்து ஒரு ரெக்கவரி வண்டிக்காரர் கூப்பிட்டு, “சார், மேலூர் பக்கமா?” என்றார்.

அதற்குள் அந்த வழியாக டி.வி.எஸ். எக்ஸெல்லில் போன ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டுக் கீழச்சீவல்பட்டியிலிருந்து ஒரு மெக்கானிக்கை அனுப்பியிருந்தார். அவர் பானெட்டைத் தூக்கிப் பார்த்து, “ஐயா, பெல்ட் அறுந்துருச்சு. வண்டிய எடுத்துறாதீக, தண்ணி கொதிச்சுரும்” என்றார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், ஏ.சி., தண்ணீர் பம்பு மூன்றையும் சுற்றுவது அந்த ஒரே பெல்ட்தான். காரைக்குடியில் எங்கள் மெக்கானிக்குப் போன் போட்டதும் அவர் கடையில் பெல்ட்டை வாங்கித் தம்பி ஒருவரிடம் பைக்கில் கொடுத்தனுப்பினார். மதுரை வண்டி திருப்பத்தூரைத் தாண்டுவதற்குள் எங்கள் கார் ஓடத் தொடங்கிவிட்டது. மதுரைக்காரரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதையும் கம்பெனி ஒரு சேவையாகக் கணக்கில் எழுதிக்கொண்டது.

அன்று மாலையே அந்தத் திட்டத்தை இனிமேல் புதுப்பிப்பதில்லை என்று முடிவெடுத்தேன். ஆனால் அதே திட்டம் முடிவதற்குள், சென்னையிலிருந்து திரும்பும் வழியில், உளுந்தூர்பேட்டையைத் தாண்டி இரவு பதினொரு மணிக்குக் கிளட்ச் போனது. இம்முறை நான்குவழிச் சாலை, முழு சிக்னல், கண்ணெதிரே கிலோமீட்டர் கல். முக்கால் மணி நேரத்தில், முழுக் காரையும் மேலே ஏற்றிக்கொள்ளும் பிளாட்பெட் வண்டி வந்தது; பணம் எதுவும் கேட்கவில்லை. அந்த இடத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர்கூட இல்லை. இருந்திருந்தாலும் அந்நேரத்தில் போனை எடுத்திருக்கமாட்டார். ஒரே திட்டம், ஒரே வண்டி. இளையாத்தங்குடியில் பயன்படாதது உளுந்தூர்பேட்டையில் காப்பாற்றியது.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழி எளிமையானது. உங்கள் ஊரை நடுவில் வைத்து, உங்கள் மெக்கானிக் போனிலேயே ஆள் அனுப்பக்கூடிய தூரம் வரை மனத்துக்குள் ஒரு வட்டம் போடுங்கள். காரைக்குடிக்காரர் ஒருவருக்கு அது 40 கி.மீ. இருக்கலாம், திருமயம், கானாடுகாத்தான், தேவகோட்டை, திருப்பத்தூர் எல்லாம் அதற்குள் வந்துவிடும். வட்டத்துக்குள் வண்டி நின்றால் பெரும்பாலும் சமாளித்துக்கொள்வீர்கள். கட்டணத்துக்குப் பயன் வருவது வட்டத்துக்கு வெளியே ஓடும் கிலோமீட்டர்களுக்குத்தான். ஆண்டுக்கு 8,000 கி.மீ. ஓட்டும் ஒருவர், சென்னைக்கு இரண்டு முறை போய்வந்தால், ஒரு வழிக்குச் சுமார் 410 கி.மீ. வீதம் 1,640; மதுரைக்கு இரண்டு முறை போய்வந்தால் 90 கி.மீ. வீதம் 360, ஆக ஏறக்குறைய 2,000 கி.மீ. வெளியூர்ப் பயணம். மீதி 6,000 கி.மீ. கடைத்தெரு, பள்ளிக்கூடம், கல்யாண வீடு, கோயில் என்று வட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் அறுபதாம் ஆண்டு சாந்திக்கும் ஊருக்கு ஓட்டி வருகிறவரின் கணக்கு இதற்கு நேர் எதிர். அவருக்கு ஊர்ப் பயணம் முழுவதுமே வட்டத்துக்கு வெளியே நடப்பது.

வட்டத்தைப் போட்ட பிறகும் உடனே பணத்தை எடுத்துவிடக் கூடாது. கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரே உதவிக்கு இரண்டு இடத்தில் பணம் கட்டியிருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். புதிய கார் என்றால், அதைச் செய்த கம்பெனியே முதல் சில ஆண்டுகளுக்கு இந்த உதவியைக் கட்டணமில்லாமல் தந்திருக்கக்கூடும். அது வாரண்டிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எழுதப்பட்டிருக்கும். வாரண்டியை நீட்டிக்கப் பணம் கட்டியிருந்தால் அதோடும் இது சேர்ந்து வந்திருக்கலாம். பிறகு இன்ஷூரன்ஸ் பாலிசி. போன ஆண்டு ஏஜெண்ட் கேட்காமலே சேர்த்திருப்பார், நாமும் பார்த்திருக்கமாட்டோம்.

பாலிசியைப் பற்றி ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் குழப்பம் அதிகம். “ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கு, அவங்களே தூக்கிட்டுப் போவாங்க” என்று நினைப்பவர்கள் உண்டு. 2002-ல் நடைமுறைக்கு வந்த, வண்டி இன்ஷூரன்ஸுக்கான பொது விதித்தொகுப்பாகிய இந்திய மோட்டார் டாரிஃப் வகுத்துக் கொடுத்த வாசகத்தின்படி, தனியார் காருக்கான முழுப் பாலிசியில், பாலிசி ஏற்கும் சேதத்தால் நகர முடியாமல் போன வண்டியைப் பாதுகாத்து அருகிலுள்ள ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துத் திரும்ப ஒப்படைக்கும் செலவு, ஒரு விபத்துக்கு 1,500 ரூபாய் வரைதான் பொதுவாகக் கிடைக்கும். இருசக்கர வண்டிக்கு 300 ரூபாய். அந்தத் தொகையும் விபத்துக்கு மட்டுமே. இயந்திரக் கோளாறையும் மின்கோளாறையும் அதே பாலிசி வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. பெல்ட் அறுந்ததும், கிளட்ச் போனதும், பேட்டரி இறங்கியதும் விபத்து அல்ல. ஆகவே வெறும் முழுப் பாலிசியை வைத்துக்கொண்டு அவற்றுக்கு எதுவும் கேட்க முடியாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் சாலை உதவி என்ற கூடுதல் பிரிவு தனியாக விற்கப்படுகிறது. பிறருக்கு ஏற்படும் இழப்பை மட்டும் ஏற்கும் தேர்ட் பார்ட்டி பாலிசி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கூடுதல் பிரிவு பொதுவாகக் கிடைப்பதில்லை; பழைய வண்டிக்காரர்கள் தனித் திட்டத்தை நாட வேண்டியிருப்பது அதனால்தான்.

இதோடு சேர்ந்த ஒரு பயத்தையும் தீர்த்துவிடலாம். உதவிக்குக் கூப்பிட்டால் ‘நோ கிளெய்ம் போனஸ்’ போய்விடுமோ என்று தயங்கி, கட்டிய பணத்தைப் பயன்படுத்தாமலே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிளெய்ம் இல்லாமல் ஐந்து ஆண்டுகள் போனால் 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும் அந்தத் தள்ளுபடி, வண்டிச் சேதத்துக்குப் பணம் கேட்டால் போய்விடும். சாலை உதவியைக் கூப்பிட்டு ஜம்ப் ஸ்டார்ட் செய்துகொண்டதற்காகப் பொதுவாகப் போவதில்லை.

நெடுஞ்சாலையில் இன்னோர் உதவியும் இருக்கிறது, அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற எண் இரவு பகலாக இயங்குகிறது. சுங்கச்சாவடிச் சாலைகளில் ரோந்து வண்டியும் ஆம்புலன்சும் கிரேனும் நிறுத்தப்பட்டிருக்கும். ஆனால் அந்தக் கிரேனின் வேலை, சாலையை மறித்து நிற்கும் வண்டியை ஆபத்தில்லாத இடத்துக்கு நகர்த்துவது. நம் சர்வீஸ் சென்டர் வாசலில் கொண்டுபோய் விடுவது அல்ல. யாருக்காவது அடிபட்டிருந்தால் 108 தான் முதல் போன், திட்டமெல்லாம் அதற்குப் பிறகு. எந்த எண்ணுக்குப் போன் செய்தாலும் நாம் நிற்கும் இடத்தைச் சொல்லத் தெரிய வேண்டும். அதற்கு அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லைப் பார்த்தால் போதும். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சாக இருந்தால் கிராமச் சாலை.

இவையெல்லாம் பார்த்த பிறகும் தேவை மிஞ்சுகிறது என்றால், திட்டத்தின் விதித்தாளைப் படிக்க உட்கார வேண்டும். நான் முதலில் தேடுவது, எத்தனை கிலோமீட்டர் வரை வண்டியை இலவசமாக ஏற்றிக்கொண்டு போவார்கள் என்ற வரியை. செட்டிநாட்டுக்காரர்களுக்கு இந்த ஒரு வரிதான் பெரிது, ஏனென்றால் எல்லாக் கம்பெனிகளின் சர்வீஸ் சென்டரும் காரைக்குடியில் இல்லை. சில வண்டிகளுக்கு, குறிப்பாக விலை உயர்ந்த வெளிநாட்டு வண்டிகளுக்கு, மதுரையையோ திருச்சியையோதான் நாட வேண்டும். இலவச தூரம் 50 கி.மீ. என்றும், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 30 ரூபாய் என்றும் ஒரு திட்டம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். காரைக்குடியிலிருந்து மதுரைக்கு 90 கி.மீ. என்றால், 40 கி.மீ.க்கு 1,200 ரூபாய் கையிலிருந்து போகும். தூரத்தை ரெக்கவரி வண்டி கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடுகிறார்களா, நாம் நிற்கும் இடத்திலிருந்தா, போகவர இரண்டையும் சேர்க்கிறார்களா என்பதைப் பொறுத்து இந்தத் தொகை இரண்டு மடங்காகவும் ஆகலாம். ‘அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட ஒர்க்‌ஷாப் வரை’ என்று எழுதியிருந்தால், நாம் நம்பும் மெக்கானிக்கின் ஷெட்டுக்குக் கொண்டுபோகச் சொல்ல முடியுமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, எப்படித் தூக்குவார்கள் என்பது. முன்சக்கரங்களைக் கொக்கியில் தூக்கிப் பின்சக்கரங்களைத் தரையில் உருட்டிக்கொண்டு போவது ஒரு முறை. முழு வண்டியையும் பலகை மேல் ஏற்றுவது பிளாட்பெட். முன்சக்கர இழுவையுள்ள மேனுவல் கியர் வண்டிக்கு முதல் முறை பெரும்பாலும் போதும். ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பல, இழுவைச் சக்கரங்கள் தரையில் உருண்டபடி நெடுந்தூரம் போனால் கெட்டுவிடும். இன்ஜின் ஓடினால்தான் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் சுற்றும், நின்ற வண்டியில் பல்சக்கரங்கள் எண்ணெயில்லாமல் தேயும். நான்கு சக்கர இழுவையுள்ள வண்டிக்கும் மின்சாரக் காருக்கும் பிளாட்பெட்தான் வேண்டும். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர், ஊர் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகும் பழைய வழக்கத்தை மறந்துவிட வேண்டும். அவருக்குத் திட்டத்தின் மதிப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்.

மற்ற விதிகளை விரைவாகப் பார்த்துவிடலாம். ஆண்டுக்கு எத்தனை முறை கூப்பிடலாம் என்பதற்கு எல்லை இருக்கும். ஆல்டர்னேட்டர் கெட்ட வண்டிக்கு ஜம்ப் ஸ்டார்ட் செய்தால் பத்துக் கிலோமீட்டரில் மறுபடி நின்றுவிடும், அதற்குக் கூப்பிட்டால் இரண்டாவது அழைப்பாகிவிடும். சேர்ந்த நாளிலிருந்து சில நாட்கள் கழித்தே உதவி தொடங்கும் திட்டங்கள் உண்டு. ஆகவே நின்ற வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு போனில் பணம் கட்டிச் சேர்ந்தால் பலன் இருக்காது. வண்டியின் வயதுக்கு வரம்பு வைத்திருப்பார்கள். குடித்துவிட்டு ஓட்டியதற்கும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கும் உதவி இல்லை. நகர எல்லையிலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் என்று எழுதியிருந்தால் அந்த வரியில் கண்ணை நிறுத்துங்கள். ‘இந்தியா முழுக்க’ என்று கவுண்டரில் சொன்னது அங்கே சுருங்கியிருக்கும். விளம்பரத்தில் இருக்கும் விலையோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேருமா, ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இனிப் பணக்கணக்கு. இங்கே வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். தனித் திட்டம் ஆண்டுக்கு 1,500 ரூபாய் என்றால் ஐந்து ஆண்டுக்கு 7,500. அந்த ஐந்து ஆண்டில் ஒரு முறை வண்டியை 60 கி.மீ. ஏற்றிக்கொண்டு போக 5,000 ரூபாயும், இரண்டு முறை மெக்கானிக் வந்து ஜம்ப் ஸ்டார்ட் செய்ய 400 வீதம் 800 ரூபாயும் நாமே கொடுத்திருந்தால் மொத்தம் 5,800. பணமாக மட்டும் பார்த்தால் திட்டம் 1,700 ரூபாய் நஷ்டம். அதே உதவி பாலிசியின் கூடுதல் பிரிவாக ஆண்டுக்கு 250 ரூபாய்க்குக் கிடைத்தால் ஐந்து ஆண்டுக்கு 1,250 தான். ஒரே ஒரு முறை ஏற்றிக்கொண்டு போனாலே பல மடங்கு திரும்பிவிடும். ஆகவே என் கருத்தில், முழுப் பாலிசி எடுக்கிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது கூடுதல் பிரிவைத்தான். அதில் இலவச தூரமும் அழைப்பு எண்ணிக்கையும் குறைவாக இருக்கலாம், ஆனாலும் ஆண்டுக்கு இரண்டு முறை வெளியூர் போகும் குடும்பத்துக்கு அது போதும்.

கணக்கில் அடங்காத ஒன்று, வண்டியில் யார் இருக்கிறார்கள் என்பது. எழுபது வயது அப்பச்சியும் ஆத்தாவும் (செட்டிநாட்டில் அப்பா, அம்மா) தனியாகத் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறார்கள் என்றால், ஜாக்கி போட்டு டயர் மாற்றும் வேலையை அவர்களிடம் எதிர்பார்க்க முடியாது. அவர்களுக்கு வருவது பஞ்சர்தான் என்றாலும் அது பெரிய விஷயம். இரவில் தனியாக ஓட்டி வரும் மகளுக்கும் அப்படித்தான். இப்படிப்பட்டவர்களுக்கு 1,700 ரூபாய் நஷ்டம் என்ற கணக்கைக் காட்டித் திட்டத்தை நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னொன்று, 2020-ல் விதி திருத்தப்பட்ட பிறகு, டியூப்லெஸ் டயரும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் டயர்க் காற்றைக் கண்காணிக்கும் கருவியும் உள்ள சிறு வண்டிகளை ஸ்டெப்னி இல்லாமலே விற்கலாம் என்றாகிவிட்டது. டிக்கியைத் திறந்து பாருங்கள். ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு பெட்டி மட்டும் இருந்தால், டயரின் பக்கச் சுவர் கிழிந்த அன்று ஏற்றிக்கொண்டு போவதைத் தவிர வழியில்லை. பைக்குக்கு மட்டும் தனித் திட்டம் எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிவிட்டால் வீடு வந்துவிடும்.

நம் ஊருக்கே உரிய ஒரு வகை வண்டியைச் சொல்லாமல் முடிக்க முடியாது: பூட்டிய வீட்டில் நிற்கும் கார். சொந்தக்காரர் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருப்பார். வளவுக்குப் பின்னால் ஷெட்டில் துணி போர்த்திய கார் மாதக்கணக்கில் நிற்கும். பொங்கலுக்கு வந்து சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற ஓசை மட்டும் வரும். நிற்கும் காரிலும் அலாரமும் கடிகாரமும் சிறு கணினிகளும் கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். அது 50 மில்லி ஆம்பியர் என்று கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 35 ஆம்பியர் மணி பேட்டரியில் இரண்டே வாரத்தில் ஏறக்குறையப் பாதி தீர்ந்துவிடும். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும், 12.2-க்கு வந்துவிட்டால் பாதிதான் மிச்சம் என்று பொருள். இதற்குத் திட்டம் வாங்குவதைவிட, ஊருக்குப் போகும்போது பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது மலிவு. எலி ஒயரைக் கடித்திருந்தால் கால் சென்டர் அனுப்பும் ஆளாலும் ஷெட்டில் வைத்து எதுவும் செய்ய முடியாது. அதற்கு உள்ளூர் எலக்ட்ரீஷியன்தான்.

திட்டம் எடுப்பது என்று முடிவாகிவிட்டால், பணம் கட்டுவதற்கு முன் அந்த உதவி எண்ணுக்கே ஒரு முறை போன் செய்து பாருங்கள். எத்தனை நிமிடத்தில் எடுக்கிறார்கள், தமிழில் பேச ஆள் இருக்கிறாரா என்பது அப்போதே தெரிந்துவிடும். “வண்டி கானாடுகாத்தானில் நின்றால் எந்த ஊரிலிருந்து ஆள் வருவார்?” என்று கேளுங்கள். காரைக்குடி, புதுக்கோட்டை என்று பதில் வந்தால் ஆள் இருக்கிறார்; “சார், எல்லா இடத்திலும் இருக்கிறது” என்றால் அந்த வட்டாரத்தில் யாரும் இல்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

எங்கள் வீட்டில் இப்போது மூன்று காருக்கு மூன்று விதமாக இருக்கிறது. ஊருக்குள் ஓடும் பழைய காருக்கு எதுவும் இல்லை; மெக்கானிக்கின் எண் மட்டும். சென்னை போய்வரும் காருக்குப் பாலிசியோடு கூடுதல் பிரிவு. பெங்களூரிலிருந்து பிள்ளைகளோடு தனியாக ஓட்டி வரும் மகளின் ஆட்டோமேட்டிக் காருக்கு மட்டும், பிளாட்பெட் உண்டு என்று எழுத்தில் உறுதி சொல்லும் தனித் திட்டம். பாலிசி எண், பதிவு எண், உதவி எண் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி, ஓட்டுபவர் தலைக்கு மேலுள்ள சன்வைசரில் செருகி வைத்திருக்கிறோம். மகள் சிரித்தாள், “எல்லாம் போன்ல இருக்கு அப்பச்சி” என்று. போனில் சார்ஜ் தீர்ந்தால் பக்கத்தில் நிற்கும் லாரிக்காரரின் போனிலிருந்து கூப்பிட வேண்டியிருக்கும் என்றேன்; இன்னும் ஒரு சீட்டு எழுதித் தன் கைப்பையிலும் போட்டுக்கொண்டாள்.